1974 கேம்பர் வேன், உதவிக்கு நண்பர்கள் ரெடி – எந்த வேலைய முதல்ல தொடுறது?

நாலாம்கியர்

வணக்கம் மக்களே. இவ்ளோ நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப கேக்க வேண்டிய நேரம் வந்துருச்சு. 1974 ஃபோக்ஸ்வேகன் டைப் 2 ஒண்ணு கைக்கு வந்திருக்கு, முன்னாடி ஒரே பெரிய கண்ணாடி இருக்குமே அந்த பே விண்டோ மாடல், 1600 ஏர் கூல்டு இஞ்சின், தூக்குற கூரை, உள்ள பழைய அலமாரி, படுக்கை எல்லாம் அப்படியே இருக்கு. பல வருஷமா ஷெட்டுக்குள்ளயே நின்ன வண்டி.

நண்பர்கள் அஞ்சு பேரு லீவு நாள்ல வந்து கை குடுக்கிறோம்னு சொல்லிருக்காங்க. ஒருத்தனுக்கு தொழிலே வெல்டிங். ஒருத்தி வயரிங்ல கெட்டிக்காரி. ஒருத்தனுக்கு மரவேலைன்னா உசுரு. மீதி ரெண்டு பேரு ஸ்பேனர் புடிச்சு பழக்கம் இல்லாதவங்க, ஆனா என்ன சொன்னாலும் செய்றேன்னு நிக்கிறாங்க. சிக்கல் என்னன்னா ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறாங்க. மரவேலைக்காரன் உள்ள இருக்கிறதை எல்லாம் பிச்சு போட்டுட்டு புதுசா பண்ணுவோம்ங்கிறான். இன்னொருத்தன் முதல்ல பெயிண்ட் அடிச்சா பாக்கவே ஒரு தெம்பு வரும்ங்கிறான். வெல்டிங்காரன் மட்டும் அடியில படுத்து டார்ச் அடிச்சு பாத்துட்டு எழுந்து கையை துடைச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டான். எதுல ஆரம்பிக்கிறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

துருவேட்டை

ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாரே, அவரை கூப்பிட்டு என்ன பாத்தீங்கன்னு முதல்ல கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடியும் சேஸிஸும் ஒண்ணா சேத்து வெல்ட் பண்ணது. அதனால கீழ துரு இருந்தா அது அழகு பிரச்சனை இல்ல, வண்டியோட முதுகெலும்பு பிரச்சனை. பாக்க வேண்டிய இடத்தை சொல்றேன், குறிச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் கதவுக்கு கீழ ஓடுற சில், அதுல வெளிப்பக்கம் மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, உள்ள இன்னும் அடுக்கு இருக்கு, வெளித்தகடு புதுசா இருந்து உள்தகடு உதிர்ந்து போன வண்டி நிறைய உண்டு. ஜாக்கி வைக்கிற இடம், அதுக்கு குறுக்கால போற அவுட்ரிகர் (சேஸிஸ் ரெயில்ல இருந்து சில் வரைக்கும் நீட்டிட்டு இருக்கிற தாங்கு), சக்கரத்துக்கு மேல வளைவு, முன்னாடி டிரைவர் காலடி, கண்ணாடி ரப்பருக்கு அடியில கீழ் ரெண்டு மூலை, கூரையோரம் தண்ணி ஓடுற வாய்க்கால். இஞ்சின் ரூம்ல பேட்டரி உக்கார்ற தட்டு, அங்க ஆசிட்டும் சேந்து வேலை செஞ்சிருக்கும், பக்கத்துல இஞ்சினுக்கு காத்து போற துவாரம் வழியா மழைத்தண்ணியும் இறங்கும்.

காந்தம் ஒண்ணை துணில சுத்தி பாடி மேல நகர்த்திட்டே போங்க, எங்க ஒட்டலையோ அங்க அடியில பட்டி இருக்கு. கீழ்ப்பக்கம் ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டுங்க. நல்ல தகடு கணீர்னு பேசும், போன தகடு மொத்துனு சத்தம் குடுக்கும். இன்னொண்ணு, துரு புடிச்ச ஜாக்கி பாயிண்ட்ல ஜாக்கி போட்டா அது உள்ள போயிடும். சேஸிஸ் ரெயில்ல தாங்கு குடுத்து, ஸ்டாண்டு வச்சு, ஒரு தடவை ஆட்டி பாத்துட்டுதான் அடியில போகணும். வெறும் ஜாக்கில நிக்கிற வண்டிக்கு அடியில எவனும் போகக்கூடாது, தலைய மட்டும் நீட்டி பாத்துட்டு வரேன்னு சொன்னாலும் விடாதீங்க.

பெயிண்ட் கடைசி. இப்ப அடிச்சா வெல்டிங் பண்றப்ப எல்லாம் கருகி திரும்ப அடிக்கணும்.

ஏர்கூல்டு1600

துருவேட்டை அண்ணே சொல்றதுல தப்பே இல்ல, ஆனா நான் வேற வழிதான் போவேன். முதல்ல இஞ்சினை ஓட வைங்க. அஞ்சு பேரு லீவை விட்டுட்டு வந்து மாசக்கணக்குல துருவையே சுரண்டிட்டு இருந்தா ஒவ்வொருத்தரா கழண்டுக்குவாங்க. ஒரு தடவை அந்த இஞ்சின் சத்தத்தை கேட்டுட்டாங்கன்னா அப்புறம் கூப்பிடாமலே வருவாங்க. அதுவும் இல்லாம இஞ்சின், கியர்பாக்ஸ் நிலைமை தெரியாம பாடிக்கு மட்டும் உழைக்கிறது சரியா படல.

ஆனா சாவி போட்டு திருப்பி பாத்துறலாம்னு மட்டும் கிளம்பிடாதீங்க. அதுக்கு முன்னாடி பெட்ரோல் ஹோஸ் முழுக்க மாத்தணும், ஒரு துண்டு கூட விடாம. அந்த காலத்து நூல் பின்னின ஹோஸ் வெளிய பாக்க நல்லா இருக்கும், மடக்கி பாருங்க, விரல்லயே வெடிப்பு தெரியும். இந்த வண்டிங்க எரிஞ்சு போனதுக்கு பெரிய காரணமே அதுதான், சூடான இஞ்சின் மேல சொட்டு சொட்டா ஒழுகும். இஞ்சினோட வெளிக்கூடு, கிராங்க்கேஸ்னு சொல்றது, மெக்னீசியம் கலந்த உலோகம், அது பத்திக்கிச்சுன்னா சாதாரணமா அணைக்க முடியாது. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கும், அதை தாங்குற ஹோஸா பாத்து வாங்குங்க, மேலயே ஆர்9னு அச்சு இருக்கும். ரெண்டு முனையிலயும் கிளிப் போடுங்க.

டேங்க் இஞ்சினுக்கு முன்னாடி கியர்பாக்ஸுக்கு மேல உக்காந்திருக்கு, அதை வெளிய எடுக்கணும்னா இஞ்சினை இறக்கியாகணும். பல வருஷம் நின்ன வண்டி, டேங்க் உள்ள பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதனால எப்படியும் இறக்கத்தான் போறீங்க. சுமார் நூறு கிலோ, டிராலி ஜாக்கியும் ரெண்டு மூணு பேரும் இருந்தா போதும். இறக்கின கையோட டேங்க் மேல இருக்கிற மூச்சுக்குழாய் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, அப்புறம் அங்க கையே போகாது.

பிளக்கை கழட்டிட்டு ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டு கையால சுத்தி பாருங்க. சுத்துச்சுன்னா புது ஆயில் 2.5 லிட்டர். இதுல ஃபில்டர் கிடையாது, அடியில வலை மட்டும்தான், அதை கழுவி போடுங்க, அந்த மூடியோட சின்ன நட்டை பலமா இறுக்கினீங்கன்னா ஸ்டட் புடுங்கிக்கும். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை தள்ளுற கைக்கும் நடுவுல இருக்கிற சந்து, இஞ்சின் நல்லா ஆறினப்புறம் 0.15 மி.மீ. வைங்க. இஞ்சினை சுத்தி இருக்கிற தகடு மூடி, ஓரத்து ரப்பர் இதெல்லாம் எதுக்குன்னு தூக்கி போட்டுடாதீங்க, சூட்டு காத்து மேல திரும்ப வராம தடுக்கிறதே அதுதான். தண்ணி இல்லாத இஞ்சினுக்கு காத்து மட்டும்தான் துணை.

வானமேகூரை

நான் வண்டி வேலைய பத்தி பேசல, நண்பர்களை பத்தி பேசுறேன். எனக்கு தெரிஞ்சு இந்த மாதிரி வேலை பாதில நிக்கிறது துருவால இல்ல, ஆட்கள் வந்து சும்மா நின்னு திரும்பி போறதாலதான்.

நினைச்சு பாருங்க, ஒருத்தன் காலைல கிளம்பி வரான். நீங்க அப்பதான் எந்த போல்ட்டை கழட்டணும்னு பாத்துட்டு இருக்கீங்க. ஸ்பேனர் ஒரு செட்டுதான் இருக்கு, அதை ரெண்டு பேரு கேக்குறாங்க. கட்டிங் டிஸ்க் தீந்து போச்சு, ஒருத்தர் வாங்கப் போறார். மதியம் வரைக்கும் பேச்சுலயே போயிடுது. அவன் கோவிச்சுக்க மாட்டான், ஆனா அடுத்த வாரம் வேற வேலை இருக்குன்னு சொல்லிடுவான். அதனால அவங்க வர்றதுக்கு முந்தின நாளே நீங்க தனியா உக்காந்து வேலைய தயார் பண்ணி வைக்கணும். நாளைக்கு யாரு எதை தொடுறா, அதுக்கு என்ன டூல் வேணும், சாமான் கைல இருக்கா, துருபுடிச்ச நட்டுக்கு முந்தின ராத்திரியே ஆயில் அடிச்சு ஊற வச்சாச்சா. உங்களோட உண்மையான வேலை அதுதான், மத்ததை அவங்க பண்ணிக்குவாங்க.

ஒரே நாள்ல ஆரம்பிச்சு ஒரே நாள்ல முடியிற மாதிரி வேலையா பிரிச்சு குடுங்க. "இன்னைக்கு இடது கதவை கழட்டி, பீடிங் எடுத்து, கீல் சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டுறோம்" அப்படின்னா சாயங்காலம் போறப்ப ஒரு கதவு சரியா மூடுறதை கையால சாத்தி பாத்துட்டு போவான். "பாடி வேலை நடக்குது" அப்படின்னு இருந்தா எப்ப முடியும்னு அவனுக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது.

ஸ்பேனர் பழக்கம் இல்லாத அந்த ரெண்டு பேரை ஓரமா நிக்க விட்டுடாதீங்க, அவங்கதான் உங்க சொத்து. ஒருத்தர்கிட்ட கணக்கும் போட்டோவும் குடுத்துடுங்க. ஒவ்வொரு பார்ட்டும் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழட்டினதும் நட்டு போல்ட்டை சின்ன ஜிப் கவர்ல போட்டு உள்ளயே ஒரு சீட்டு, "வலது முன் கதவு, மேல் கீல், வாஷர் ரெண்டு" இப்படி. கவர் மேல எழுதினா கிரீஸ் கை பட்டு அழிஞ்சிடும், அதான் உள்ள போட சொல்றேன். இன்னொருத்தருக்கு வெல்டிங் நடக்குறப்ப தீ பாக்குற வேலை. வெல்ட் பண்றவருக்கு முகமூடிக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரியாது, தகட்டுக்கு அந்தப்பக்கம் பழைய தார் பூச்சு புகைஞ்சுட்டு இருக்கும். ஒரு ஆள் தீயணைப்பானோட அந்தப்பக்கமே உக்காந்திருக்கணும், வேலை முடிஞ்சப்புறமும் அரை மணி நேரம் இருந்து பாத்துட்டுதான் எழுந்திருக்கணும். இதை விட முக்கியமான வேலை அந்த ஷெட்டுல இல்ல, அதை அவங்ககிட்டயும் சொல்லுங்க.

நாலாம்கியர்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வெல்டிங் நண்பன்கிட்ட உக்காந்து பேசினேன். ரெண்டு பக்க சில்லும் போச்சு, இடது அவுட்ரிகர் ரெண்டு போச்சு, பேட்டரி தட்டுல கை நுழையுற ஓட்டை. மெயின் ரெயில் மட்டும் நல்லா இருக்குன்னான். அன்னைக்கு ஏன்டா சொல்லலன்னு கேட்டேன், எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க எப்படி சொல்றதுன்னு தெரியலன்னான்.

இஞ்சின் கையால சுத்துது! அதுக்கே ஒரு கைதட்டல் நடந்துச்சு இங்க.

இப்ப கேள்வி, ஒரே மூச்சுல ரெண்டு பக்க சில்லையும் வெட்டிட்டு புதுசு வைக்கலாம்னு பேச்சு வருது. செய்யலாமா?

துருவேட்டை

வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் முழுசா முடிச்சு ஆறினப்புறம்தான் அடுத்த பக்கம். சில் வெட்டினா பாடி நடுவுல தொய்யும், கண்ணுக்கு தெரியாது, எல்லாம் வெல்ட் பண்ணி முடிச்சு கதவு மாட்டுறப்பதான் தெரியும், அதுவும் சைடுல தள்ளுற கதவு ரெயில்லயே ஓடாது. வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்கு குறுக்கா இரும்பு பைப் வச்சு டேக் அடிச்சு, அதாவது புள்ளி புள்ளியா தற்காலிகமா வெல்ட் பண்ணி, கட்டிடுங்க. கதவை மாட்டி நாலு பக்க இடைவெளியையும் அளந்து மாஸ்கிங் டேப்ல எழுதி அங்கேயே ஒட்டி வைங்க. தகடு வச்சு டேக் அடிச்ச உடனே கதவை திரும்ப மாட்டி அதே அளவு வருதான்னு பாருங்க. வந்தாதான் முழு வெல்ட்.

உங்க நண்பருக்கு இது தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன், கனமான இரும்பு வெல்ட் பண்ணி பழகின கைக்கு இந்த ஒரு மி.மீ. தகடு வேற விஷயம். நீளமா இழுத்தா நெளிஞ்சிடும், ஓட்டை விழுந்திடும். மிக் வெல்டிங், மெல்லிசு கம்பி, ரெண்டு மூணு செ.மீ. ஒரு இடத்துல, அப்புறம் தள்ளி இன்னொரு இடத்துல, கை வச்சா சூடு தாங்குற அளவுக்கு ஆற விட்டு திரும்ப. வெட்டின பழைய தகட்டுலயே ஒரு சாயங்காலம் பழகி பாக்க சொல்லுங்க. வெல்ட் பண்றப்ப பேட்டரி ஒயர், ஆல்டர்னேட்டர் ஒயர் ரெண்டும் கழட்டியிருக்கணும். டேங்க் வண்டிலயே இருக்கக் கூடாது, அந்த விதத்துல ஏர்கூல்டு தம்பி சொன்னபடி இஞ்சினை முதல்ல இறக்குறது நல்லதுதான், ஒத்துக்கிறேன்.

ஜிங்க் பூசின தகடுன்னா வெல்ட் பண்ற ஓரத்துல ஜிங்க்கை சுரண்டிட்டு பண்ணுங்க, அந்த வெள்ளை புகை உள்ள போனா காய்ச்சல் வரும்.

கித்தான்கூரை

பேச்சு எல்லாம் கீழயே போகுது, தம்பி, நான் மேல இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன்.

தூக்குற கூரையோட கித்தானை பழசுன்னு தூக்கி போட்டுடாதீங்க. கிழிஞ்சிருந்தாலும் புதுசுக்கு அதுதான் அளவு. தையலை பிரிச்சு துண்டு துண்டா தரையில விரிச்சு அயர்ன் பண்ணி கோடு போட்டுக்கோங்க, எந்த ஓரம் எந்த ஓரத்தோட சேருதுன்னு சாக்பீஸ்ல குறி போட்டுட்டு பிரிங்க. நூல் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், வெளில பருத்தி சுத்தின பாலியஸ்டர் நூல் கிடைக்கும், தண்ணி பட்டா அந்த பருத்தி ஊதி ஊசி ஓட்டையை அடைச்சுக்கும். தைச்சு முடிச்சதும் தண்ணி தெளிச்சு காய விடுங்க, அதை ரெண்டு மூணு தடவை பண்ணுங்க. ஈரத்தோட ஒருபோதும் கூரையை இறக்கி மூடக்கூடாது, பூஞ்சை புடிச்சா போகாது.

அடுத்து கேஸ். பழைய அடுப்பு அழகா இருக்குன்னு அப்படியே வச்சுக்கறவங்க நிறைய பேர். வச்சுக்கோங்க, ஆனா ரப்பர் ட்யூப், ரெகுலேட்டர் ரெண்டும் புதுசு. சிலிண்டர் வைக்கிற பெட்டி தனியா அடைச்சிருக்கணும், அதோட தரையில வெளிய போற ஓட்டை இருக்கணும், ஏன்னா எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும், ஜன்னல் தொறந்து வச்சா போயிடும்னு நினைக்கிறது தப்பு. ஜாயிண்ட்டை சோப்பு தண்ணி வச்சு பாருங்க. கடைசி இணைப்பை உங்க ஊர்ல கேஸ் வேலைக்கு தகுதி உள்ளவர்கிட்ட காட்டி சரி பாத்துக்கோங்க, நண்பர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் சரி. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒண்ணு கண்டிப்பா வேணும், அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்களுக்கு தெரியவே தெரியாது. குளிருதுன்னு அடுப்பை பத்த வச்சு உள்ள சூடு பண்றது கூடவே கூடாது.

அப்புறம் அந்த வருஷத்து பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்மை கழட்டினா தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, நனைச்சு துடைங்க, நல்ல மாஸ்க் போடுங்க. பழைய பெயிண்டை தேய்க்கிறப்பவும் அப்படித்தான், ஈயம் இருக்கலாம்.

மின்கம்பி

வயரிங் தோழிக்கு ஒரு குறிப்பு. வீட்டு வயரிங் தெரிஞ்சவங்களுக்கு 12 வோல்ட்ல ஒரு விஷயம் புதுசா இருக்கும், வோல்ட் கம்மி அதனால கரண்ட் அதிகம், ஒயர் தடிமன் பத்தலன்னா வழியிலயே வோல்ட் விழுந்துரும். வீட்ல ரெண்டு வோல்ட் குறைஞ்சா யாருக்கும் தெரியாது, இங்க ரெண்டு வோல்ட் குறைஞ்சா ஃப்ரிட்ஜ் நின்னுடும்.

பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி கணக்கு போடுங்க. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடுறப்ப சுமார் 4 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, நாள்ல மூணுல ஒரு பங்கு நேரம் ஓடும், 8 மணி நேரம், அப்ப 32 ஆம்பியர் அவர். லைட்டு, போன் சார்ஜ் எல்லாம் சேத்து 40னு வச்சுக்கோங்க. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரில பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அதனால 50தான் கைல. ஒரு நாளைக்கு சரியா போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுன்னா பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் குறைவு, ஆனா உறைநிலைக்கு கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, அதோட பழைய ஆல்டர்னேட்டர்ல நேரா மாட்டினா அது கேக்குற கரண்டுல ஆல்டர்னேட்டர் சூடாகி போயிடும், நடுவுல கரண்ட்டை கட்டுப்படுத்தி அனுப்புற டிசி டு டிசி சார்ஜர் வேணும்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். அந்த முனையில இருந்து ஃபியூஸ் வரைக்கும் இருக்கிற ஒயருக்கு எந்த காவலும் கிடையாது, அதான் காரணம்.

இன்னொரு வேண்டுகோள், வண்டியோட பழைய வயரிங்கையும் புதுசா போடுற கேம்பர் வயரிங்கையும் கலக்காதீங்க. தனித்தனி ஃபியூஸ் பாக்ஸ். படம் வரைஞ்சு ஒண்ணை வண்டிலயே வைங்க, அவங்க பக்கத்துல இல்லாதப்ப ராத்திரி நடு ரோட்ல நீங்கதான் பாக்கணும்.

நாலாம்கியர்

இடது பக்க சில் முடிஞ்சது!! கதவு இடைவெளி டேப்ல எழுதின அளவே வந்துச்சு, தள்ளுற கதவு ஒரு விரல்ல ஓடுது. தீ பாக்குற வேலை குடுத்த நண்பர் ரெண்டு தடவை "நிறுத்து"ன்னு கத்தினார், ரெண்டு தடவையும் உள்ள பழைய பூச்சு நிஜமாவே புகைஞ்சுது. இப்ப அவர் இல்லாம வெல்டிங் மெஷினை ஆன் பண்றதே இல்லன்னு வெல்டிங்காரன் சொல்லிட்டான்.

அடுத்து பிரேக். இங்கதான் சங்கடம். மரவேலை நண்பன் ஏற்கனவே பைக் பிரேக் எல்லாம் பண்ணியிருக்கான், நானே பண்றேன்னு ஆசையா கேக்குறான். எனக்கு மனசு முழுசா ஒப்பல, முடியாதுன்னு சொல்லவும் வாய் வரல.

வானமேகூரை

பண்ண விடுங்க, ஆனா ஒருத்தர் பண்ணதை இன்னொருத்தர் பாக்காம சக்கரம் மாட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு சட்டம் போட்டுடுங்க, வெல்டிங்காரருக்கும் உங்களுக்கும் சேத்துதான். அப்ப அது அவன் மேல நம்பிக்கை இல்லங்கிற பேச்சு இல்ல. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல், கேஸ் இந்த நாலையும் ரெண்டு பேர் பாத்தே ஆகணும். முதல் தடவை ரோட்ல எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கும் பாக்கட்டும்.

ஏர்கூல்டு1600

வானமே சொன்னதுக்கு ஆமோதிக்கிறேன். 1974ல முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். நின்ன வண்டில பாதி பாதியா மாத்துறது வேலைக்கு ஆகாது, ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் மொத்தமா மாத்துங்க. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி அடைச்சுக்கும், பெடல் அமுக்கினா ஆயில் போகும், விட்டா திரும்பாது, ஒரு சக்கரம் மட்டும் புடிச்சுட்டே சூடாகும். பிரேக் ஆயில் டாட் 4, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், திறந்து வச்ச டப்பாவை திரும்ப பயன்படுத்தாதீங்க. பெயிண்ட் மேல பட்டா உரிச்சிடும்.

டயரை பாருங்க. சைடுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். பட்டன் நல்லா இருக்கேன்னு பத்து வருஷ டயர்ல போகாதீங்க, வாங்குறப்ப கார் டயர் வேண்டாம், எடை தாங்குற வேன் டயர்.

ஓட்ட ஆரம்பிச்சதும் எல்லா நண்பர்களுக்கும் ஒண்ணு சொல்லி வைங்க. டேஷ்போர்டுல சிவப்பு சார்ஜிங் லைட் எரிஞ்சா வீடு போய் பாத்துக்கலாம்னு ஓட்டக்கூடாது. இந்த இஞ்சின்ல கூலிங் ஃபேனும் அதே பெல்ட்லதான் சுத்துது. லைட் எரிஞ்சா ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, பெல்ட்டை பாக்கணும். ஒரு ஸ்பேர் பெல்ட்டும் அதுக்கான ஸ்பேனரும் சீட்டுக்கு அடியிலயே இருக்கட்டும்.

நாலாம்கியர்

அப்படியே செய்றோம். சட்டத்தை ஷெட் சுவத்துல எழுதி ஒட்டியாச்சு, முதல் கையெழுத்து மரவேலைக்காரன் போட்டான். அடுத்த வாரம் வலது சில், அதோட சேத்து சில் உள்பக்கம் துரு வராம வாக்ஸ் அடிச்சுட்டு இன்சுலேஷன் ஒட்ட ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். சரியா அண்ணே?

துருவேட்டை

இடது பக்கத்துக்கும் சேத்து சொல்றேன், வாக்ஸ் இப்ப அடிக்காதீங்க. வண்டில கடைசி வெல்டிங் முடியிற வரைக்கும் வாக்ஸ் டப்பாவே ஷெட்டுக்குள்ள வரக்கூடாது, அது பத்தி எரியும். முதல்ல வலது சில், அவுட்ரிகர், பேட்டரி தட்டு எல்லாம் முடிங்க. அப்புறம் ஜாயிண்ட்ல பிரைமர், தண்ணி புகாம சந்தை அடைக்கிற சீம் சீலர். அதுக்கப்புறம் பெயிண்ட். பெயிண்ட் காஞ்சதும் கடைசியா நீள குழாய் விட்டு சில் உள்ள வாக்ஸ், அடியில தண்ணி வடியுற ஓட்டை அடைபடாம பாத்துக்கோங்க. இன்சுலேஷனுக்கு பஞ்சு மாதிரி தண்ணி உறிஞ்சுற எதுவும் வேண்டாம், மூச்சுக்காத்து ஈரம் தகட்டுல படிஞ்சு பின்னாடியே துரு புடிக்கும். தண்ணி உறிஞ்சாத மூடின செல் ஃபோம், இடைவெளி விடாம ஒட்டுங்க. ரெண்டு பாகம் கலக்குற பெயிண்ட் ஸ்ப்ரே பண்றதா இருந்தா அதுல ஐசோசயனேட்னு நுரையீரலுக்கு கெடுதலான ரசாயனம் இருக்கும், தூசி மாஸ்க் பத்தாது, வெளிய இருந்து காத்து வர்ற முகமூடி வேணும், அது இல்லன்னா அந்த ஒரு வேலைய மட்டும் பெயிண்ட் பூத் உள்ளவங்ககிட்ட குடுத்துடுங்க.

வலது பக்கம் வெட்டுறதுக்கு முன்னாடி பைப் டேக் அடிச்ச போட்டோ ஒண்ணு போடுங்க, பாத்து சொல்றேன்.